நான் சொன்னேன்னு சொல்லாதே

1

"இன்னாத்துக்கு மாத்தின? யாரு உன்ன மாத்தச் சொன்னது?"

"நீ இன்னாத்துக்கு மாத்தின? மொதல்ல அதச் சொல்லு!"

"உனக்காகத்தான்டா மாத்தினேன், கூறுகெட்டவனே!"

"நானும் உனக்காகத்தான் மாத்தினேன். இப்ப ரெண்டு பேரும் காலி. திருப்தியா?"

இந்தக் கதை பிறந்தது இங்கேதான். திருப்பதி, கொர்லகுண்டா, எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படிக்கட்டு. நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதவு திறந்திருந்தது. திறந்தது யார் என்பது கதைக்கு வேண்டாத விஷயம்.

விட்டுக்கொடுக்காததற்காகச் சண்டை போடுகிறவர்களை எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் மோட்டாருக்கு, பைக் நிறுத்துகிற இடத்துக்கு, மேல்வீட்டுத் துணியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு. விட்டுக்கொடுத்ததற்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். இதை எழுதாமல் விட்டால் நான் எதற்கு இந்தத் தெருவில் குடியிருக்கிறேன்?

கத்தியவள் ஜெமிமா. எனக்கு எதிர்வீடு. சித்தூர் மிஷன் காம்பவுண்டுப் பெண். எனக்கும் அதே சபைதான் பூர்வீகம் என்பதால் அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு. பதிலுக்குக் கத்தியவன் கோவர்த்தனன். மொட்டைமாடி ஒற்றை அறை. நாகலாபுரத்தில் கரும்பும் மாந்தோப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை. இருவரும் சண்டை போட்டது ஒரு சீன வார்த்தைக்காக.

சிரிக்காதீர்கள். நான் சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன்.

'வரதய்யபாளையத்துக்கு அப்பால் தொழிற்பேட்டையில் காலைச் சங்கு ஊதியபோது—'

(வேண்டாம். அங்கே சங்கு கிடையாது. முகத்தைக் காட்டினால் கேட் திறக்கும். ஜெமிமா சொல்லியிருக்கிறாள்.)

'மொழி என்பது இரண்டு கரைகளுக்கு நடுவே—'

(இதை எழுதிய கையை நானே கிள்ளிக்கொண்டேன்.)

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இரண்டு பேரும் அந்தத் தொழிற்பேட்டையில், செல்போனுக்கு உதிரி செய்கிற ஒரு சீனக் கம்பெனியில் துபாசி வேலைக்குச் சேர்ந்தவர்கள். சீன இன்ஜினியர் திட்டுவார். அதைத் தமிழிலும் தெலுங்கிலும் மரியாதையாக மாற்றிச் சொல்ல வேண்டும். அப்படியே திட்டில் தொடங்கித் தேர்வு வரைக்கும் சீனம் படித்துவிட்டார்கள்.

கோவர்த்தனன் வேலையை விட்டு வெளியே வந்து மொழிபெயர்ப்பு எடுத்துச் செய்ய ஆரம்பித்தான். ஜெமிமா விடவில்லை. அப்போது கம்பெனி ஒரு குண்டு போட்டது: துபாசிகள் எல்லோரும் நொய்டா கிளைக்கு. வருகிறாயா, ராஜினாமாவா, திங்கட்கிழமைக்குள் சொல்.

ஜெமிமாவுக்குத் திருப்பதியை விட்டுப் போக மனசில்லை. காரணம் கேட்டால் "நொய்டாவுல குளுரு, அக்கா" என்பாள். குளிர் மொட்டைமாடியில் குடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் அவனிடம் சொல்லவில்லை. அவனும் அவளிடம் சொல்லவில்லை. காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் தெரிந்த சங்கதி, அந்த இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளாத சங்கதி.

அவள் இங்கேயே இருக்க ஒரே ஒரு வழி இருந்தது. அதுதான் இந்த வேலை.

3

வேலை என்னவென்றால்: நம் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் ஆட்டக் கோட்பாடு பற்றி இங்கிலீஷில் வீடியோப் பாடம் நடத்தியிருக்கிறார். ஆட்டக் கோட்பாடு என்றால் சீட்டாட்டம் இல்லை. நான் எடுக்கிற முடிவின் பலன் நீ எடுக்கிற முடிவையும் பொறுத்தது என்றால், இரண்டு பேரும் எப்படி யோசிப்பார்கள் என்கிற கணக்கு. (சம்பந்தி பேச்சுவார்த்தை என்று எழுதி அடித்தேன். அடித்திருக்கக் கூடாது.) செங்டுவில் இருக்கும் ஒரு கம்பெனி அதைச் சீன சப்டைட்டிலோடு விற்க நினைத்தது. சீனர்களுக்குப் பேராசிரியரின் இங்கிலீஷ் புரியவில்லை. புரிந்த இடத்தில் அவர் சொல்கிற ரேணிகுண்டா ஆட்டோ உதாரணம் புரியவில்லை. ஆகவே இந்தப் பக்கத்து ஆள் இரண்டு பேர் வேண்டும்.

முதலில் கலைச்சொற்கள் மட்டும். ஜெமிமா அந்த நாட்களில் சமைக்கவே இல்லை. பார்சல்காரன் படியேறுகிற சத்தமும் அவள் தனியாகக் கைதட்டுகிற சத்தமும்தான். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வாள்:

"அக்கா, இத கேளுங்க. ரெண்டு வண்டி நேருக்கு நேரா வருது, மொதல்ல எவன் ஒதுங்குறான்னு ஒரு ஆட்டம். அத சீனத்துல சேவல் சண்டைன்னு வெச்சிருக்கான்! ஓசியில பலன் துன்றவனுக்கு 'தோதான வண்டியில தொத்திக்கினு போறவன்'னு பேரு. கை நடுங்கித் தப்பா காய் நகர்த்தறதுக்குக்கூட ஒரு பேரு இருக்குது அக்கா!"

எனக்குப் பாதி புரிந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. பரிசுத்தொகை விழுந்தவள் மாதிரி.

இப்போது அந்தக் கம்பெனியின் வேலைமுறை. இதுதான் கதையின் அச்சாணி, கவனியுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசக் கூடாது. அதற்கு உறுதிமொழி வேறு. செங்டுவில் ஷூ மேடம் என்று ஓர் ஆசிரியை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஒத்துப்போன சொல் ஏறும். ஒத்துப்போகாத சொல் இரண்டு பேருக்குமே நஷ்டம். முக்கியமான சொற்கள் எல்லாம் ஒத்துப்போனால் முழுப் பாடமும் இவர்களுக்கே. இல்லையென்றால் ஜெமிமா நொய்டாவுக்கு.

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இருவரும் பேசவில்லை. படியில் எதிர்ப்பட்டால் அவன் கூரையைப் பார்ப்பான், இவள் செருப்பைப் பார்ப்பாள். மிஷன் வளர்ப்பு, சத்தியம் என்றால் சத்தியம்.

ஆனால் நான் எந்த உறுதிமொழியும் கொடுக்கவில்லையே?

4

சிக்கல் வந்தது 'காமன் நாலெட்ஜ்' என்கிற சொல்லில். அதற்கு அர்த்தத்தை ஜெமிமா எனக்குச் சொன்ன விதம் இது:

"நம்ம ரோஜாக்கா வீட்டுக்காரர் குடிக்கிறாருன்னு தெருவுக்கே தெரியும். ஆனா எல்லாரும் தெரியாத மாதிரி நமஸ்காரம் வெச்சிக்கினு இருந்தாங்க. ஒரு நாள் பால் பூத் எதிர்லயே விழுந்தாரு. எல்லாரும் பார்த்தாங்க. எல்லாரும் பார்த்தத எல்லாரும் பார்த்தாங்க. அதுக்கப்புறம் யாராவது நடிக்க முடிஞ்சுதா? அதான் அக்கா இது. தெரியறது வேற. எல்லாருக்கும் தெரியும்னு எல்லாருக்கும் தெரியறது வேற."

இவ்வளவு நல்ல உதாரணத்தை நான் கையில் வைத்துக்கொண்டு பேர் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இதற்குச் சீனத்தில் இரண்டு சொல் புழக்கத்தில் இருக்கிறதாம். ஒன்று 'குங்தொங்' என்று ஆரம்பிக்கும். கூட்டாக எல்லோருக்கும் உள்ளது என்று அர்த்தம். இன்னொன்று 'குங்குங்'; பொது இடத்தில் இருப்பது, பொதுப் பூங்கா என்கிற மாதிரி. (என் காதுக்கு இரண்டும் ஒரே மிருதங்கம்.) ஜெமிமாவுக்குக் குங்குங்தான் பிடித்தது. "பொது எடத்துல நடந்தாதானே அக்கா இது நடக்கும்?" என்றாள்.

நான் இதை மனசில் வைத்துக்கொண்டு, காயப்போட்ட மிளகாயை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். மிளகாய் இன்னும் காயவில்லை. கோவர்த்தனனிடம் பேச்சுக்கொடுத்தேன்.

"குங்குங்கா?" என்று அவன் முகம் சுளித்தான். "அது பப்ளிக் டாய்லெட்டுக்கு எழுதற வார்த்தை, அக்கா. குங்தொங்தான் சரி. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்பா. அவ குங்குங் போடறாளாம். நான் சொன்னேன்னு சொல்லாத."

கீழே வந்து ஜெமிமாவிடம்: "அவன் குங்தொங் போடறானாம்டி. நான் சொன்னேன்னு சொல்லாத."

இரண்டு பேருக்கும் உதவிதான் செய்தேன். என்ன நடந்தது என்று உங்களுக்கே புரிந்திருக்கும். அவள் நொய்டாவுக்குப் போகக் கூடாதே என்று அவன் தன் சொல்லை விட்டு அவள் சொல்லை எழுதினான். சொல் ஒத்துப்போகட்டும் என்று அவள் தன் சொல்லை விட்டு அவன் சொல்லை எழுதினாள். மற்ற சொற்கள் எல்லாம் பொருந்தின. இது ஒன்று முட்டிக்கொண்டது என்று செங்டுவிலிருந்து பதில் வந்தது.

அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்குத் தெரியாது. எந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேடினார்களோ, அந்தச் சங்கதி இல்லாததாலேயே அந்தச் சொல் தோற்றது. ஐயோ, இதை எழுதும்போது என் கை பரபரக்கிறது. நான் ஒரு முறை மாடியிலிருந்து சத்தமாகக் கத்தியிருந்தால் போதும். ஆனால் 'நான் சொன்னேன்னு சொல்லாத' என்று சொல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எங்கள் தெருவில் யாருக்குமே பழக்கமில்லை.

படிக்கட்டுச் சண்டையில் நான் முதல் பகுதியில் எழுதாமல் விட்ட இரண்டு வரி உண்டு.

"நான் இன்னா போடுவேன்னு உனக்கு எப்டி தெரியும்?"

"உனக்கு எப்டி தெரியும்?"

இரண்டு தலையும் மெதுவாக என் கதவுப் பக்கம் திரும்பின. நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

5

ஜெமிமா என்ன செய்தாள் தெரியுமா? உட்கார்ந்து ஷூ மேடத்துக்கு உண்மையை எழுதிவிட்டாள். நாங்கள் பேசவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் இருக்கிறார், இப்படி இப்படி.

(ஒரு கதாபாத்திரமாக இவளை எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இவ்வளவு நேர்மை கதைக்கு ஆகாது. வாசகர் நம்ப மாட்டார். ஒரு சின்னப் பொய்யாவது சொல்லவைக்கலாமா என்று யோசித்தேன். கதையைப் படித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். வேண்டாம்.)

பதில் மறுநாளே வந்தது. அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் படித்ததில்லை, ஆபீஸ் முழுவதும் சிரித்தோம் என்று எழுதியிருந்தார் ஷூ மேடம். அந்த ஒரு சொல்லை மட்டும் இருவரும் மறுபடி அனுப்பலாம், ஞாயிறு மாலைக்குள். கலந்து பேசக் கூடாது. கடைசி வரி: 'இந்த முறை பக்கத்து வீடும் வேண்டாம்.'

சீனா வரைக்கும் என் பேர் போய்விட்டது.

ஆனால் இப்போது நிலைமை முன்னைவிட மோசம். இருவருக்கும் எல்லாம் தெரியும். இரண்டு பேரும் பழையபடி தங்கள் சொல்லுக்கே திரும்பினாலும் முட்டும். இரண்டு பேரும் எழுதியதிலேயே நின்றாலும் முட்டும். யாராவது ஒருவர் மட்டும் அசைய வேண்டும். யார்? ஜெமிமா வீட்டுக்குள்ளேயே நடந்தாள். மேலே அவன் நடப்பது என் சீலிங்குக்குக் கேட்டது.

"நான் மாத்தினா அவனும் மாத்திடுவான், அக்கா. மாத்தாம வுட்டா அவனும் வுட்டுடுவான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி. அதான் கஷ்டமே."

"ஒரே புத்தின்னா கட்டிக்க வேண்டிதுதானே?"

"அக்கா! நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. யாருகிட்டயும். இன்னாத்தையும்."

நான் வாயே திறக்கவில்லை. எழுதத்தான் செய்தேன்.

6

அந்த ஞாயிறு எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் பூசணிக்காய், சேவல், வாழைத்தார் எல்லாம் ஏலம் விடுவார்கள். பிறகு பிரியாணி. பிரியாணிக்குக் கோவர்த்தனனை அழைத்திருந்தேன். (அழைத்ததில் எந்த விதியும் மீறப்படவில்லை. மதியச் சாப்பாடு கலைச்சொல் அல்ல.) அவன் கடைசி பெஞ்சில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றி உட்கார்ந்திருந்தான். ஜெமிமா பெண்கள் பக்கம்.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பிரசங்கத்துக்குப் பிறகு போதகர் சத்தமாக வாசிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம். பரீட்சை, ஆபரேஷன், விசா எல்லாம் அதில் வரும். போதகர் ஜோனத்தான் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்:

"சகோதரி ஜெமிமா தன் சொந்தச் சொல்லுக்கே திரும்பவும், தம்பி கோவர்த்தனன் எழுதியதை மாற்றாமல் இருக்கவும், கர்த்தர் இருவரையும் ஒருமனப்படுத்த ஜெபிப்போம்."

சபை முழுவதும் ஆமென் என்றது. ஜெமிமா சட்டென்று திரும்பினாள். கடைசி பெஞ்சில் அவன் எழுந்தே நின்றுவிட்டான். அவன் கேட்டதை அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரையும் சபையே பார்த்தது. ஒரு கலைச்சொல் கண்ணெதிரே கால் முளைத்து நடப்பதை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

நான் கணக்குப் பண்ணாதது ஒன்று. எங்கள் சபையில் ஜெபச் சீட்டு குடும்பத்துக்கு ஒன்று. ஒரே சீட்டில் ஒரு பெண் பேரும் ஒரு பையன் பேரும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இது எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். அவசரத்தில் மறந்துபோனேன்.

பிரியாணி பந்திக்கு வருவதற்கு முன்னால் சேதி சித்தூருக்குப் போய்விட்டது. பூசணிக்காய் ஏலத்தின் நடுவில் மூன்று பேர் ஜெமிமாவுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு அம்மாள் கோவர்த்தனனிடம் "ஞானஸ்நானம் எப்போ தம்பி?" என்றாள். அவன் வாயில் லெக் பீஸ்.

7

'மாலை. தியோடர் படியேறி வந்தார். அவர் கண்களில்—'

(கண்களில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கையில் குடை இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.)

தியோடர் ஜெமிமாவின் அப்பா. மிஷன் ஆஸ்பத்திரி ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாய்ப்பேச்சு கம்மி, மீசை ஜாஸ்தி. நான் காபி டம்ளரோடு பின்னாலேயே போனேன். காபி ஆறிவிடுமே.

"யாரும்மா அந்தப் பையன்?"

ஜெமிமா லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இரு நைனா. இத அனுப்பிட்டு சொல்றேன்."

"நான் பஸ்ஸுல நின்னுக்கினே வந்திருக்கேன்."

"இன்னும் ரெண்டு நிமிஷம் நில்லு நைனா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஷூ மேடம் பக்கத்து வீடு வேணான்னு சொன்னாங்களா இல்லையா?"

"நான் பக்கத்து வீடா பேசலியேடி. சபையா பேசினேன்."

"கேசியா, நீ செத்த நேரம் சும்மா இரு," என்றார் தியோடர். சபைப் பழக்கத்தில் என்னைப் பேர் சொல்லி அதட்ட அவருக்கு இவ்வளவு உரிமை உண்டு.

ஜெமிமா தன் சொல்லை எழுதினாள். குங்குங். அதோடு சர்ச்சில் வாசித்த சீட்டைப் பற்றியும் ஒரு வரி விடாமல் எழுதினாள். செல்லாது என்றால் செல்லாது என்றே சொல்லிவிடுங்கள் என்று முடித்தாள். பட்டனை அழுத்தினாள். மேலே நாற்காலி இழுபடுகிற சத்தம், அவனும் அழுத்திவிட்டான்.

"இப்ப சொல்லு. யாரு அவன்?"

"நாளைக்குச் சொல்றேன் நைனா. வேலை கெடைச்சா நான் இங்க. இல்லன்னா நொய்டா. நொய்டா போறவ சொல்லி இன்னா பிரயோஜனம்?"

தியோடர் குடையைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு என் கையிலிருந்த காபியை வாங்கிக் குடித்துவிட்டு, "மேல இருக்கானா?" என்று கேட்டு, படியேறிப் போய்விட்டார்.

மொட்டைமாடியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மிளகாய் எடுக்கப் போயிருக்கலாம். ஆனால் மொட்டைமாடிக் கதவை தியோடர் அந்தப் பக்கத்திலிருந்து தாழ்போட்டுவிட்டார்.

8

இங்கே இரண்டு முடிவு எழுதிவைத்திருந்தேன்.

முதல் முடிவில் ஷூ மேடம் சீட்டை ஏற்கவில்லை. ஜெமிமா ரேணிகுண்டாவில் ரயிலேறுகிறாள், கோவர்த்தனன் நடைமேடையில்— (எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. ஆகவே கிழித்தேன். என் கண்ணீர் அவ்வளவு மலிவு இல்லை.)

இரண்டாவதில் மேலே போன தியோடர் அவனைப் பார்த்ததும்— (எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன். தாழ்ப்பாள், தாழ்ப்பாள்.)

நடந்தது இதுதான். திங்கள் காலை பதில் வந்தது. ஜெமிமா வாசலில் நின்றே வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள், குரல் கீச்சென்று ஏறிக்கொண்டே போயிற்று: "இரண்டு சொல்லும் ஒன்று. ஊரறிய ஒரு சீட்டு வாசிக்கப்பட்டு, அதைக் கேட்டு இருவரும் தனித்தனியாக முடிவெடுத்தால் அது கலந்து பேசியதாகாது. சிக்னல் விளக்கைப் பார்த்து வண்டி நிறுத்துகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. அடுத்த பாடமே இதைப் பற்றியதுதான். உங்கள் சர்ச் சீட்டை அதற்கு உதாரணமாகக் கொடுக்க அனுமதி உண்டா?"

அனுமதி கொடுத்தேன். என்னைத்தான் கேட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

செல்போன் கம்பெனிக்கு ராஜினாமா போயிற்று. நொய்டா தன் குளிரைத் தானே வைத்துக்கொண்டது.

9

இப்போது கல்யாணம். அதைத்தானே இவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்.

ஆயிற்று. ஆனால் எப்படி ஆயிற்று என்பதில்தான் கதை மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜெமிமா, நாகலாபுரம் கோயிலிலேயே நடக்கட்டும் என்றாள். கோவர்த்தனன், சித்தூர் சர்ச்சிலேயே நடக்கட்டும் என்றான். மறுபடி படிக்கட்டு, மறுபடி தொண்டை. அவன் அம்மா தாட்சாயணி ஒரு பக்கம், தியோடர் ஒரு பக்கம். முடிவாக ஒன்று நடந்தது. எனக்குத் தெரியும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

இன்று தியோடர் சொல்கிறார்: "பாவம், அவங்கதான் நமக்காக எறங்கி வந்தாங்க. பெரிய மனசு." தாட்சாயணி அம்மாள் சொல்கிறார்: "வாள்ளே தக்கி வந்தாங்க. அவங்களே எறங்கி வந்தாங்க, நல்ல ஜனங்க." இரண்டு வீடும் மற்ற வீடு விட்டுக்கொடுத்ததாக நினைத்து ஒன்றுக்கொன்று மாம்பழமும் கேக்கும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பேருக்குமே லேசாகச் சந்தேகம் உண்டு என்றுகூட நினைக்கிறேன். ஆனால் யாரும் எதிரெதிரே வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் மாம்பழம் வரும்.

உங்களில் ஒவ்வொருவராக என் வீட்டுக்கு வந்தால், காதோடு காதாகச் சொல்லியிருப்பேன். இது அச்சில் வருகிறது. நீங்கள் படித்தது அவருக்குத் தெரியும், அவர் படித்தது இவருக்குத் தெரியும், தியோடர் படித்தது தாட்சாயணிக்குத் தெரியும். அவ்வளவுதான், பால் பூத் எதிரில் விழுந்த மாதிரி. ஆகவே சர்ச்சா, கோயிலா, ரிஜிஸ்டர் ஆபீஸா, முதலில் எது பிறகு எது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்துவிட்டால் பக்கத்தில் படிப்பவரிடம் கேட்காதீர்கள். என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் விட்ட ஒரே சேதி இது, கெடுத்துவிடாதீர்கள்.

இருவரும் இப்போது கொர்லகுண்டாவில் இல்லை. சித்தூருக்கும் போகவில்லை, நாகலாபுரத்துக்கும் போகவில்லை. புத்தூரில் வீடு எடுத்திருக்கிறார்கள்; இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் பஸ் ஒரே மாதிரி லேட்டாக வருகிற ஊர். எதிர்வீட்டுக்கு ஓர் இளம் ஜோடி குடிவந்திருக்கிறது. சண்டையே போடுவதில்லை. போன் மெசேஜிலேயே முடித்துக்கொள்கிறார்கள்.